குட்டை ஆடுகளும் அம்மாவின் அண்டாவும்

ஆடு வாங்கப் போகிறவர்கள் பல்லைப் பிடித்துப் பார்ப்பார்கள், மடியைத் தடவிப் பார்ப்பார்கள். நான் தூக்கிப் பார்த்தேன். குவாலா பிலா பக்கத்துக் கிராமத்தில் ஆடு விற்ற மலாய்க்காரப் பெரியவர் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். சிரிக்கட்டும். ஒவ்வொரு பெட்டையாக வாரியெடுத்து இடுப்புக்கு மேலே தூக்கினேன். தூக்க முடிந்ததை ஒரு பக்கம் நிறுத்தினேன், முடியாததை விட்டுவிட்டேன். வளர்க்கப்போகிறவள் நான். குளம்பில் புண் வந்தால் கவிழ்த்துப் பிடிக்கவும், மழைத் தண்ணீர் ஏறினால் பரணில் ஏற்றவும் நான்தான் இருப்பேன். ஐம்பத்தைந்து வயதில் என் முதுகு எதைத் தாங்கும், எதைத் தாங்காது என்று எனக்குத் தெரியும்.

உள்ளூர்ச் சின்ன இனச் செம்மறி அவை. என் முழங்காலுக்குக் கொஞ்சம் மேலே நிற்கும். வெளிநாட்டுப் பெரிய இனம் வாங்கச் சொல்லாத ஆள் கிடையாது. வெள்ளாடு வாங்கச் சொன்னவர்கள் அதைவிட அதிகம். வெள்ளாட்டை ரப்பர்ப் பால்மரத்துக்கு நடுவில் விட்டால் மரப்பட்டையை உரித்துத் தின்றுவிட்டு நம்மையே முறைத்துப் பார்க்கும். செம்மறி குனிந்த தலை நிமிராமல் புல்லை மட்டும் மேயும். எனக்கு வேண்டியது அதுதான்.

எட்டுப் பெட்டையும் ஒரு கிடாவும் எங்கள் ஊர் பெடாஸுக்கு வந்து சேர்ந்தது என் வீட்டுக்காரரின் பள்ளிக்கூட வேனில். சீட்டைக் கழற்றி, தார்ப்பாய் விரித்து, ஜன்னலை எல்லாம் திறந்துவிட்டு ஓட்டி வந்தார். "பிள்ளைங்களவிட இதுங்க அமைதியாத்தான் வருதுங்க" என்று வழியெல்லாம் சிரித்தார். திங்கட்கிழமை காலையில் வேனில் ஏறிய பிள்ளைகள் மூக்கைப் பிடித்துக்கொண்டு ஒருவர் மேல் ஒருவர் பழி போட்டார்களாம். அதற்குப் பிறகு அவர் சிரிக்கவில்லை.

ஏன் ஆடு என்று கேட்பவர்களுக்கு எல்லாம் "சும்மா, பொழுது போக" என்று சொல்லி வைத்திருந்தேன். அது பொய்.

அப்பா காலத்தில், அப்பாவும் அம்மாவும் வேலை செய்த தோட்டத்தைத் துண்டு போட்டு விற்றபோது, அவர்கள் வாங்கிய இரண்டு ஏக்கர் பால்மரக்காடு எங்களுடையது. எனக்கும் என் அண்ணனுக்கும் பொது. அண்ணன் புக்கிட் பெலண்டோக் என்ற ஊரில் மாடு வைத்துப் பால் ஊற்றுகிறார். நிலம் புதர் மண்டிப் போகாமல் இருக்க, சில மாதத்துக்கு ஒரு முறை காண்ட்ராக்டரை அனுப்பிப் புல்லைக் கருக்கும் மருந்தை அடிக்க வைப்பார். நான் ஃபேக்டரி வேலையில் இருந்த வரைக்கும் அதைப் பார்க்கவில்லை. ஃபேக்டரியை வேறு நாட்டுக்குக் கொண்டுபோனார்கள், நான் வீட்டுக்கு வந்தேன். ஒருநாள் காலையில் நிலத்துக்குப் போனால் மரத்தடி முழுக்கப் புல் தீய்ந்து பழுப்பாகக் கிடந்தது. அந்த வாடை மூக்கில் ஏறியதும் அப்படியே வீட்டுக்குத் திரும்பிவிட்டேன்.

எங்கள் அம்மா தோட்டத்தில் மருந்தடிப்பு கேங்கில் இருந்தார். முதுகில் பம்பு, காலில் ரப்பர் சப்பாத்து, கையில் ஒன்றும் கிடையாது. விரல் நகங்கள் கறுத்து ஒவ்வொன்றாகக் கழன்றன. மறுபடி முளைத்தவை நகமாகவே இல்லை. வேலை முடிந்து வரும்போது நாங்கள் ஓடிப் போனால் இரண்டு கையையும் தலைக்கு மேலே தூக்கிக்கொள்வார். "தொடாத கண்ணு, மருந்து." நாங்கள் குடியிருந்த லயத்துக்குப் பின்பக்கக் குழாயடியில் அவர் சீதனமாகக் கொண்டுவந்த செம்பு அண்டா இருக்கும். அதில் மொண்டு மொண்டு ஊற்றித் தேய்த்துக் கழுவி முடித்த பிறகுதான் எங்கள் பக்கம் வருவார். அப்படிக் கழுவியும் அந்தக் கையால் எங்களுக்குச் சோறு ஊட்டியதில்லை. கரண்டியால்தான். அம்மா கைச் சோறு என்று யாராவது உருகிப் பேசினால் நான் எழுந்து போய்விடுவேன். எனக்குத் தெரிந்தது கரண்டிச் சோறு.

அதனால்தான் ஆடு. அந்த நிலத்தில் இனி ஒரு சொட்டு மருந்து விழக்கூடாது. அண்ணனிடம் அப்படியேதான் சொன்னேன்.

"ஒரு வருசம் பாரு. காடு சுத்தமா இருந்துச்சுன்னா சரி. இல்லன்னா நான் காண்ட்ராக்டரக் கூப்புட்டுருவேன், அப்புறம் நீ மூஞ்சத் தூக்கக்கூடாது."

"தூக்க மாட்டேன்."

"நீயா தூக்க மாட்ட?" என்றார் அண்ணன். என் வீட்டுக்காரர் இருமுவதுபோல் வாயை மூடிக்கொண்டார்.

இடைவெளி விட்டுப் பலகை அடித்த பரண் கொட்டகை ஒன்றைக் கட்டினோம். புழுக்கை கீழே விழுந்துவிடும், ஆடு ஈரத்தில் நிற்காது. காலையில் பனி காய்ந்த பிறகுதான் திறந்துவிடுவேன், ஈரப்புல்லில் வயிற்றுப்பூச்சி ஏறும் என்று ஆடு விற்ற பெரியவர் சொல்லியிருந்தார். வரிசை வரிசையாக மரத்தடியில் இறங்கி மேய்ந்துகொண்டே போவார்கள். 'போவார்கள்' என்றுதான் எழுத வருகிறது, திருத்தப் போவதில்லை. சில வாரத்திலேயே முன்பக்கம் முழுக்கப் புல்வெளி போலத் தெரிய ஆரம்பித்தது. யாராவது ரோட்டில் மோட்டாரை நிறுத்திப் பார்த்தால் எனக்கு வேண்டாமென்றாலும் பெருமை வந்துவிடும்.

அண்ணனுக்கும் பெருமைதான், வெளியே காட்டமாட்டார். ஞாயிற்றுக்கிழமை ஆனால் மாட்டுக்கு வாங்கும், செம்பனைக் கொட்டையில் எண்ணெய் ஆட்டிய புண்ணாக்கில் ஒரு மூட்டையை மோட்டாரில் கட்டிக்கொண்டு வந்து இறக்குவார். "வெறும் புல்லத் தின்னா எப்படி உடம்பு பிடிக்கும்? என் தங்கச்சி ஆடு எலும்பும் தோலுமா இருந்தா எனக்குத்தான் அசிங்கம்." அண்ணன் தங்கைக்குக் கொண்டுவருவது சீர். வேண்டாம் என்று சொல்ல நமக்கு வாய் வருமா? நானும் வஞ்சனை இல்லாமல் அள்ளிப் போட்டேன். ஆடுகள் முண்டியடித்துத் தின்றன. மேனி மினுமினுத்தது.

தண்ணீருக்கு அம்மாவின் அண்டாவைக் கொண்டுபோய் வைத்தேன். ஸ்டோரில் சும்மா கிடந்தது. செம்புப் பாத்திரத் தண்ணீர் உடம்புக்கு நல்லது என்று வாட்சப்பில் வராத நாளில்லை. என் வீட்டுக்காரரே செம்புப் பாட்டில் வாங்கி வேனில் வைத்துக் குடிக்கிறார். மனிதனுக்கு நல்லது ஆட்டுக்கு மட்டும் ஆகாமலா போகும்? வாரம் தவறாமல் புளி போட்டுத் தேய்த்து, தங்கம் மாதிரி வைத்திருந்தேன். ஆடுகள் அதில் வாய் வைத்துக் குடிக்கும்போது அம்மாவே பக்கத்தில் நிற்கிறார் என்று எனக்குத் தோன்றும். மனம் நிறைந்துபோகும்.

ஆறேழு மாதம் ஓடியிருக்கும். இருந்ததிலேயே கொழுத்த பெட்டை ஒருநாள் காலையில் மேயப் போகாமல் சுவரோரம் நின்றது. கண்ணிமையை விரித்துப் பார்த்தேன். மஞ்சள். மூத்திரம் பால் ஊற்றாத கோப்பி ஓ நிறத்தில் போனது.

மஞ்சள் காமாலை என்றால் நம்மவர்களுக்குத் தெரியாதா? வாய்க்கால் ஓரத்தில் கீழாநெல்லியைப் பிடுங்கி, அம்மியில் அரைத்து, மோரில் கலக்கி, மூங்கில் குழாயில் புகட்டினேன். எங்கள் லயத்தில் அதைக் குடித்து எழுந்தவர்களை நானே பார்த்திருக்கிறேன். தெம்பு வேண்டுமே என்று புண்ணாக்கையும் தண்ணீரில் கரைத்துக் கொடுத்தேன். மறுநாள் அது செத்துப்போனது. அந்த வாரமே இன்னொன்றுக்கும் கண் மஞ்சளானது. அதற்கும் கீழாநெல்லி, அதற்கும் புண்ணாக்குக் கரைசல். அதுவும் போய்விட்டது.

என் புத்தி நேராக ஒரே இடத்துக்குத்தான் போனது. மருந்து. பக்கத்துத் துண்டில் செம்பனை வைத்திருக்கும் சீனப் பெரியவர் மருந்தடித்திருக்கிறார், அது காற்றில் வந்து என் புல்லில் விழுந்திருக்கிறது. வேலியோரம் போய் நின்று, எனக்குத் தெரிந்த மலாய் முழுவதையும் அவர் தலையில் கொட்டினேன். அவர் அரிவாளை மரத்தில் சாய்த்து வைத்துவிட்டு, நான் மூச்சு வாங்கும் வரை கேட்டார். பிறகு, "நான் மருந்தே அடிப்பதில்லை. புல்லை மெஷினில் வெட்டுகிறேன். சத்தம் கேட்டதில்லையா?" என்றார்.

கேட்டிருக்கிறேன். வாரா வாரம் கேட்டு எரிச்சலும் பட்டிருக்கிறேன்.

இரண்டாவது ஆடு செத்த அன்று கால்நடை டாக்டரைக் கூப்பிட்டேன். முக்காடு போட்ட சின்ன வயது மலாய்ப் பெண். சப்பாத்தை மாட்டிக்கொண்டு வந்து, செத்த ஆட்டை அங்கேயே அறுத்துப் பார்த்தார். ஈரல் மஞ்சள் பாரித்திருந்தது. சிறுநீரகம் இரண்டும் கறுத்துப் போயிருந்தன. "என்ன கொடுக்கிறீர்கள் ஆன்ட்டி?" என்று மலாயில் கேட்டார். நான் பெருமையாகத்தான் சொன்னேன். புல், செம்பனைப் புண்ணாக்கு, அதுவும் அண்ணன் கொடுத்தது, நாள் தவறாமல். அவர் மூட்டையைப் பார்த்தார். அப்புறம் பளபளவென்று நின்ற அண்டாவைப் பார்த்தார். கிட்டே போய் விரலால் தட்டினார்.

"இது செம்பா?"

"ஆமாம். எங்கள் அம்மாவுடையது."

அவர் கையைக் கழுவிவிட்டு வந்து, என்னைப் பலகையில் உட்கார வைத்துவிட்டுச் சொன்னார். செம்மறிக்குச் செம்புச் சத்து ஆகாது. மாடு தாங்கும், வெள்ளாடும் ஓரளவு தாங்கும், செம்மறியின் ஈரல் மட்டும் அதை வெளியே தள்ளத் தெரியாமல் சேர்த்துச் சேர்த்து வைத்துக்கொள்ளும். அது நிரம்பும் வரை ஆடு நன்றாகவே இருக்கும், மினுமினுக்கும். நிரம்பிவிட்டால் ஒரே நாளில் எல்லாம் இரத்தத்தில் இறங்கிவிடும். செம்பனைப் புண்ணாக்கில் அந்தச் சத்து நிறைய. முக்கியக் காரணம் மூட்டைதான், புளி போட்டுத் தேய்த்த அண்டாவும் தன் பங்குக்குச் சேர்த்திருக்கும் என்றார்.

மருந்து விழக்கூடாது என்று வேலிக்கு வெளியே காவல் நின்றவள் நான். உள்ளே என் கையாலேயே அள்ளிப் போட்டிருக்கிறேன். அன்று அழுதேன், மறைக்க ஒன்றுமில்லை. அண்டாவைக் கவிழ்த்துக் கொட்டகைக்கு வெளியே குழாயடிக்கு உருட்டினேன். காலால் ஒரு உதையும் கொடுத்தேன். வலித்தது எனக்குத்தான்.

மிச்சம் இருந்தவற்றுக்கு, ஈரலில் சேர்ந்ததை இழுத்து வெளியேற்றும் ஒரு மருந்தை வாய்வழியாகக் கொடுக்கச் சொன்னார் டாக்டர். மருந்து என்ற சொல்லைக் கேட்டு நான் முகம் சுளித்ததைப் பார்த்து, "எல்லாமே விஷம் இல்லை ஆன்ட்டி" என்றார். கொடுத்தேன். தண்ணீருக்குப் பிளாஸ்டிக் வாளி வைத்தேன். சீனப் பெரியவருக்கு ஒரு டின் முறுக்கு சுட்டுக் கொண்டுபோனேன். அவர் ஒன்றைக் கடித்துப் பார்த்துவிட்டு, மெஷின் வேண்டுமென்றால் வந்து எடுத்துக்கொள் என்றார்.

அதற்கெல்லாம் துணிந்த எனக்கு ஞாயிற்றுக்கிழமை வரும் அண்ணனிடம் சொல்வதுதான் பெரிய பயம். அண்ணன் வழக்கம்போல் வந்தார். மூட்டையை அவிழ்க்கப் போனவரின் கையைப் பிடித்தேன்.

"அண்ணே, வேணாம்ணே. இது செம்மறிக்கு ஆகாதாம். டாக்டர் சொல்லிட்டாங்க. ரெண்டும் இதாலதான்…"

"எதால?"

"இந்தப் புண்ணாக்குல…"

"முப்பது வருசமா என் மாடு இதத்தான் தின்னுது. ஒரு கன்னு செத்துருக்கா? நான் குடுத்தது வெசமா?"

"உங்களச் சொல்லலண்ணே. அம்மா அண்டாவுந்தான். நாந்தானே அதுல தண்ணி வச்சேன்."

"அம்மாவையும் சேத்துக்கிட்டியா? நல்லா இருக்குலா."

அவிழ்த்த கயிற்றை மறுபடி இறுக்கிக் கட்டினார். என் வீட்டுக்காரர், "மச்சான், ஒரு தே தாரிக் குடிச்சிட்டுப் போங்க" என்று ஓடினார். அண்ணன் நிற்கவில்லை. அடுத்த ஞாயிறு வரவில்லை. அதற்கடுத்த ஞாயிறும் வரவில்லை. நான் போன் பண்ணினால் அண்ணி எடுத்து, அவர் மாட்டுக்குத் தண்ணீர் காட்டுகிறார் என்பார். எத்தனை மாடு, எவ்வளவு தண்ணீர் என்று கேட்க நினைத்து விட்டுவிட்டேன்.

ஏற்கெனவே நிரம்பிப்போயிருந்த இன்னொரு பெட்டையும் செத்தது. அந்தக் குழியையும் நானே வெட்டினேன். விற்றுவிடு என்றார் என் வீட்டுக்காரர், அன்பாகத்தான் சொன்னார். முடியாது என்றேன். தோற்றால் ஆட்டோடு முடியாது, காண்ட்ராக்டர் பம்பைத் தூக்கிக்கொண்டு வருவான். அதன் பிறகு தினமும் இருட்டு விலகும் முன்பே நிலத்தில் இருந்தேன். ஒவ்வொன்றின் கண்ணிமையையும் விரித்துப் பார்த்த பிறகுதான் எனக்குக் கோப்பி. ரோட்டோரப் புல்லையும் மரவள்ளி இலையையும் அறுத்துக் காயவைத்துப் போட்டேன். மழை மாதத்தில் குளம்புகளைச் சீவினேன். கொழுப்பு போய், மினுமினுப்பு போய், ஆடுகள் சாதாரண ஆடுகளாக ஆயின. கண்கள் வெள்ளையாக இருந்தன. எனக்கு அது போதும்.

மிச்சமிருந்த ஐந்து பெட்டைகளில் மூன்று பெட்டைகள் குட்டி போட்டன. ஒன்றுக்குப் பால் இல்லை, அதன் குட்டிக்கு நான் பாட்டிலில் கொடுத்தேன். அது மனிதர் கையைக் கண்டால் ஓடிவந்து விரலைச் சப்பும். யார் கையாக இருந்தாலும் சரி.

ஆனால் ஆடு குறைந்தால் வாயும் குறைந்துவிடுகிறது. முன்பக்கம் சுத்தம். பின்பக்கத்தை அவற்றால் எட்ட முடியவில்லை. பாதியைச் சீனப் பெரியவரின் மெஷினால் வெட்டினேன், மீதியில் லாலான் புல் இடுப்பளவு நின்றது.

ஒரு வருடம் முடிந்த வாரம், காண்ட்ராக்டரின் லோரி வந்து நின்றது. பின்னாலேயே அண்ணனின் மோட்டார். அண்ணன் என்னைப் பார்க்காமல் நேராகப் பின்பக்கம் நடந்து போய்ப் பார்த்துவிட்டு வந்தார்.

"ஒரு வருசம்னு பேசினோம்."

"ஆமாண்ணே. முன்பக்கம் பாத்தீங்களா?"

"பாத்தேன். பின்பக்கம் காடா கெடக்கு."

"இன்னும் கொஞ்ச நாள்ல குட்டிங்க மேய ஆரம்பிச்சிரும்…"

"நீ மூஞ்சத் தூக்க மாட்டேன்னு சொன்ன."

நான் மூஞ்சைத் தூக்கவில்லை. லோரிக்கும் மரத்துக்கும் நடுவில் போய் நின்றுகொண்டேன், அவ்வளவுதான். காண்ட்ராக்டர் எங்கள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, சண்டை முடியட்டும் என்று சிகரெட் பற்றவைத்தார். அவருடைய வேலைக்காரப் பெண் அதற்குள் லோரிக்குப் பக்கத்தில் குந்தி மருந்தைக் கலக்க ஆரம்பித்துவிட்டாள். இந்தோனேசியாவிலிருந்து வந்தவள், நாற்பது வயது இருக்கும். முகத்தில் துணி கட்டியிருந்தாள், காலில் சப்பாத்து, கையில் ஒன்றும் கிடையாது. கலக்கும்போது முழங்கை வரை தெறித்தது.

பாட்டில் குட்டி அவளைப் பார்த்துவிட்டது. யாரும் எதிர்பார்க்கவில்லை, எங்கள் கால்களுக்கு நடுவில் புகுந்து துள்ளிக்கொண்டு நேராக அவள் கைக்கு ஓடியது. நான் கத்துவதற்குள் அவள் விருட்டென்று எழுந்து, இரண்டு கையையும் தலைக்கு மேலே தூக்கிக்கொண்டாள். குட்டி அவள் முழங்காலில் முட்டியது. அவள் பின்னால் நகர்ந்துகொண்டே, கொஞ்சும் குரலில் அதனிடம் மலாயில் சொன்னாள்.

"வேண்டாம் கண்ணு, தொடாதே. மருந்து."

நான் அண்ணனைப் பார்த்தேன். அண்ணன் என்னைப் பார்க்கவில்லை. தூக்கிய அந்தக் கைகளையே பார்த்துக்கொண்டு நின்றார். நகங்கள் இருந்த இடமெல்லாம் கறுத்திருந்தது. அறுபது வயது மனிதர், தோளில் கன்றுக்குட்டியைப் போட்டுக்கொண்டு நடக்கிறவர், அவர் உதடு ஒரு பக்கமாகக் கோணியது. அம்மாவின் அந்தச் சொல்லை அவரும் கேட்டு எத்தனை வருடமாகிறது.

நான் குட்டியைத் தூக்கி மார்போடு அணைத்துக்கொண்டேன். அண்ணன் குழாயடிக்குப் போனார். நான் உதைத்து உருட்டிய அண்டா அங்கேதான் இருந்தது. நான் கை கால் கழுவ மட்டும் நிமிர்த்தித் தண்ணீர் பிடித்து வைத்திருந்தேன், புளி போடாமல் பச்சை பூத்துக் கிடந்தது. அண்ணன் சோப்பை எடுத்து அந்தப் பெண்ணிடம் நீட்டினார். அவள் தயங்கினாள், முதலாளியைப் பார்த்தாள். "கழுவு" என்றார் அண்ணன். அண்டாவில் மொண்டு அவள் கையில் ஊற்றினார். மறுபடி மொண்டு ஊற்றினார். அவள் தேய்க்கத் தேய்க்க, அண்டாவில் தண்ணீர் பாதியாகும் வரை ஊற்றிக்கொண்டே இருந்தார்.

பிறகு காண்ட்ராக்டரிடம் திரும்பி, "இங்க அடிக்க வேணாம்லா. எடுத்துட்டுப் போங்க. இனிமே வர வேணாம்" என்றார். குரல் சாதாரணமாகத்தான் இருந்தது.

லோரி ரோட்டில் ஏறும் வரை பார்த்துக்கொண்டு நின்றார். அப்புறம் மொண்ட குவளையை அண்டா விளிம்பில் கவிழ்த்து வைத்துவிட்டு, பின்பக்கத்து லாலானைப் பார்த்தபடியே கேட்டார்.

"அதத் தின்னு முடிக்க இன்னும் எத்தன ஆடு வேணும்?"

"நான் தூக்குற அளவுல இன்னும் எட்டு."

"ஞாயித்துக்கெழம மச்சான் வேனச் சொல்லி வையி. நானும் வர்றேன். இந்தத் தடவ நான் தூக்கிப் பாக்குறேன்."